பெயர், நட்சத்திரம், கடதாசி விளக்கு

ஊதி அணைத்த மெழுகுதிரியின் மணம் எனக்கு ஆகாது. எரிகிறபோது ஒன்றுமில்லை. அணைந்தபின் திரியிலிருந்து நூல் மாதிரி ஒரு புகை எழும். அதோடு வருகிற மணம். கொழுப்பும் கரியுமாகத் தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். போன மாதம் அஜின்கோர்ட்டில் ஒரு பிறந்தநாள் விழா. ஐந்து வயதுக் குழந்தை, அதன் உயரத்துக்கு ஒரு கேக். ஊதினார்கள், கை தட்டினார்கள், படம் எடுத்தார்கள். படம் சரியாக விழவில்லை என்று திரும்பவும் கொளுத்தி, திரும்பவும் ஊதச் சொன்னார்கள். நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, வெளியே கார்களுக்கு நடுவே போய் நின்றேன்.

"என்ன பிள்ளை, உள்ளுக்கை ஏசி கூடிப்போச்சோ?" என்று சிகரெட் பிடிக்க வந்த ஓர் அங்கிள் கேட்டார்.

"ஓம் அங்கிள்" என்றேன். வேறென்ன சொல்வது?

உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தலைக்குச் சாயம் பூசத் தொடங்கியவர்களுக்கு. படியேறும்போது முழங்காலோடு பேசுகிறவர்களுக்கு. தொண்ணூறுகளில் பார்க்டேல் மாடிக் கட்டடங்களில், மூத்திர மணத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறி இறங்கிய பிள்ளைகளுக்கு. நாம்தானே மொழிபெயர்த்தோம்? டொக்டரிடம், வங்கியில், பள்ளிக்கூடத்தில் பெரியவர்களின் வாயாக நாம்தான் இருந்தோம். எல்லாம் நம் வாய் வழியாகப் போனது. நம்மிடம் யாரும் எதையும் சொன்னதில்லை. கோபம் வருகிறதா உங்களுக்கு? எனக்கு வருகிறது. யார்மீது கோபப்படுவது என்று தெரியாததால் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது.

கனடா வந்து எங்களுக்கு அது முதல் கோடை. அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. மூன்று பேருக்கு ஓர் அறை, ஒரு ஹோல், ஜன்னலுக்கு வெளியே ஏரியின் ஒரு கீற்று. மாமா எங்களுக்கு முன்பே வந்து, நகரத்து உணவகம் ஒன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, அப்போது மரக்கறி வெட்டும் அளவுக்கு உயர்ந்திருந்தார். அவருடைய விரல்களில் எந்நேரமும் வெங்காயம் மணக்கும். ஹோலில் சோபாவில் படுப்பார். காலையில் போர்வையை மடிக்கமாட்டார். அம்மா அதைப் பற்றித் தினமும் ஒரு பிரசங்கம் வைப்பார்.

அப்பாவுக்கும் அந்த வீட்டில் இடம் இருந்தது. தொலைக்காட்சிக்கு மேலே, மாலை போடாத ஒரு படம். இரவில் அவருக்கென்று ஒரு கோப்பைச் சோறு மூடி வைக்கப்படும். காலையில் அதற்குத் தயிர் ஊற்றி, வெங்காயம் கடித்து, மாமாவும் நானும் தின்போம். அப்பாவின் பங்கைத் தின்று தின்றே நான் அந்தக் கோடையில் பாவாடைக்குள் கொள்ளாமல் வளர்ந்தேன்.

அப்பா காணாமல் போனவர் என்று யாரும் அம்மாவிடம் சொல்லக்கூடாது.

"காணாமப் போறதுக்கு அவர் என்ன ஆட்டுக்குட்டியே?" என்பார். "வாறன் எண்டவர். வருவார்."

கிளாலிக் கடலேரியை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற அப்போது அந்தத் தண்ணீர்தான் வழி. இருட்டில்தான் வள்ளம் ஓடும். ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கக்கூடாது. வெளிச்சம் கண்டால் கடற்படை சுடும். பெண்களும் பிள்ளைகளும் முதலில் ஏறட்டும் என்றான் ஓட்டி. அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று என்னைத் தூக்கி வள்ளத்துக்குள் வைத்தார். முகம் தெரியவில்லை. மண்ணெண்ணெய் மணம் மட்டும் தெரிந்தது. அவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். எத்தனை தரம் தோய்த்தாலும் அந்த மணம் சட்டையை விட்டுப் போகாது. என் மடியில் தன்னுடைய டோர்ச்சைத் திணித்தார். உள்ளே பற்றரி இல்லாத டோர்ச். இராணுவம் ஊருக்குள் பற்றரி வர விடாத காலம் அது. இருந்தும் அதைக் காவித் திரிந்த மனுசன். "நீங்கள் போங்கோ. நான் அடுத்த வள்ளத்திலை வாறன்" என்றார்.

நாங்கள் கரையேறியபின், தூரத்தில் தண்ணீருக்கு மேலே வெடிச்சத்தம். அடுத்த வள்ளம் வரவில்லை. அதற்கடுத்தது வந்தது. அதில் வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, அல்லது தெரியாது என்றார்கள். அம்மா விடியும்வரை கரையில் இருந்தார். பிறகு கொழும்பில் மாதக்கணக்காக ஒரு லொட்ஜ் அறை வாசலில். பிறகு பார்க்டேலில். இடம் மாறியது, இருப்பு மாறவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஒரு பழைய கிடங்கைக் கோயிலாக்கிய இடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போவோம். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு "பெயர், நட்சத்திரம்?" என்பார். அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லி, "அனுஷம்" என்பார். அருச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். அதனால் அம்மாவுக்கு அது வெறும் வழிபாடு அல்ல. வாரத்துக்கு ஒருமுறை, ஊரறிய, தன் புருசன் இருக்கிறார் என்று பதிந்துவிட்டு வருகிற காரியம். நெற்றிக் குங்குமம் அன்று கொஞ்சம் பெரிதாக இருக்கும். லிஃப்டில் நின்ற பெண்கள் அதைப் பார்ப்பார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். பார்வைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

யூலை மாதத்தில் ஊரிலிருந்து புதிதாக ஓர் ஆள் வந்து, மாமாவின் சமையலறையில் கோப்பை கழுவச் சேர்ந்தார். ஒரு ஞாயிறு பின்னேரம் மாமா அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தார். ஒல்லியான ஆள், கதிரையின் நுனியில் இருந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். அவர் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகும்போது தொலைக்காட்சிக்கு மேலே பார்த்தார். கோப்பை அப்படியே நின்றது.

"உவர்..." என்றார்.

"என்ரை அவர்" என்றார் அம்மா. "கிளாலியாலை பின்னாலை வாறன் எண்டவர்."

அந்த ஆள் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். மாமாவைப் பார்த்தார். மாமா எழும்பி, "வாங்கோ, கீழை போய்க் கதைப்பம்" என்று அவரைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனார். திரும்பித் தனியாகத்தான் வந்தார். குளியலறைக் குழாய் நெடுநேரம் ஓடியது.

"என்னவாம்?" என்றார் அம்மா, கதவுக்கு வெளியே நின்று.

"ஒண்டுமில்லை அக்கா. வேலை விசயம்."

அம்மா குசினிக்குப் போனார். ஆறிப்போன தேத்தண்ணியை சிங்கில் ஊற்றி, கோப்பையை இரண்டு தரம் கழுவினார். அந்த ஆள் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவேயில்லை.

கோடை விடுமுறைக்கு எங்கள் தெருவில் அகதிப் பிள்ளைகளுக்கென்று ஒரு வகுப்பு நடந்தது. ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறை. வெயிலில் மூக்கு உரிந்த, நல்ல மனசுள்ள ஓர் இளம் டீச்சர். 'யுத்தம்' என்ற சொல்லை உச்சரிக்கும் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்ப்பார், ஏதாவது வழிகிறதா என்று. ஹிரோஷிமாவில் குண்டு போட்ட நாள் வருகிறது என்று எங்களுக்குக் கடதாசிக் கொக்கு மடிக்கப் பழக்கினார். என்னுடைய கொக்கு காகம் மாதிரி வந்தது. "எவ்வளவு அழகு!" என்றார். அழகில்லை என்று இருவருக்கும் தெரியும். எதற்கு அந்தப் பொய்?

மாமா என்னைக் கூட்டிப்போக வந்த ஒரு நாள், டீச்சர் வாசலில் அவரோடு இங்கிலீசில் கதைத்தார். நான் விரலில் ஒட்டிய பசையை உரித்துக்கொண்டிருந்தேன். மாமா ஏதோ கேட்டார். டீச்சர் நெஞ்சில் கை வைத்துப் பதில் சொன்னார். இரவுச் சாப்பாட்டின்போதுதான் மாமா, வானொலியின் குமிழைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"அக்கா, வாற கிழமை சிற்றி ஹோலிலை ஒரு விழாவாம். தண்ணியிலை விளக்கு விடுவினமாம்."

"கார்த்திகை விளக்கீடு மாதிரியோ?"

"ஓம். ஒரு மாதிரி அப்பிடித்தான். பேர் எழுதி விடலாமாம்."

"அப்ப அவரின்ரை பேரிலை விடலாம்."

"விடலாம் அக்கா" என்றார் மாமா. வானொலியில் இரைச்சல் தவிர ஒன்றும் எடுபடவில்லை. இருந்தும் திருகிக்கொண்டேயிருந்தார்.

விழா அன்று அம்மா காலையிலிருந்து விரதம். தலைக்குத் தோய்ந்து, கொழும்பில் வாங்கிய மாம்பழ நிறச் சேலை உடுத்தார். மாமா குளியலறையிலிருந்து வந்தபோது எனக்கு ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை. மீசை இல்லை. மேலுதடு உரித்த கிழங்கு மாதிரி வெளிறிக் கிடந்தது.

"ஐயோ, உதென்ன கோலம்?" அம்மா சிரித்தேவிட்டார். "மீசைக்கு என்ன நடந்தது?"

"கிச்சினிலை மீசை கூடாதாம். புதுச் சட்டம்."

"பொம்பிளை பாக்கிற நேரத்திலை உப்பிடி நிண்டா ஆர் தருவினம்?"

மாமா சிரிக்கவில்லை. சாப்பிடவுமில்லை. வயிறு சரியில்லை என்றார்.

குயின் வீதி ஸ்ட்ரீட்காரில் போனோம். எல்லா ஜன்னலும் திறந்திருந்தும் புழுங்கியது. அம்மா மடியில் ஒரு சிறு பையில் பூ, கற்பூரம், தீப்பெட்டி. கற்பூரம் கொளுத்த விடமாட்டார்கள் என்று நான் சொன்னேன். "விளக்கு விட விடுகினம், கற்பூரத்துக்கு என்ன வந்தது?" என்றார். அன்று அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. எனக்கு எரிச்சலாக வருவது அதுதான். அந்த வெளிச்சத்தை ஒருவர் வேண்டுமென்றே கூட்டிக்கொண்டு போனார்.

நகரமண்டபத்தின் உள்ளே, ஹிரோஷிமாக் காட்சிச்சாலையிலிருந்து வந்த படங்களையும் பொருட்களையும் வைத்திருந்தார்கள். சனம் தேவாலயத்தில் நடப்பதுபோல நடந்தது. எங்களால் அப்படி நடக்க முடியவில்லை. எங்களுக்கு அது தெரிந்த விசயம். அம்மா சந்தையில் மீன் பார்ப்பதுபோலக் கிட்டப் போய்ப் பார்த்தார், கேள்வி கேட்டார், என்னை வாசிக்கச் சொன்னார்.

"அப்ப இவையளிட்டை பங்கர் இருக்கேல்லையோ?"

"ஒரு பிளேன்தானாம் வந்தது. ஒரு பிளேனுக்கு ஆர் பயப்படுறது எண்டு வேலையைப் பாத்தினமாம்."

"அது பிழை" என்றார் அம்மா கண்டிப்பாக. "ஒண்டு வந்தாலும் இறங்கவேணும். மேலை தென்னங்குத்தி போட்டு மண்மூட்டை அடுக்கியிருந்தா..."

"அக்கா, உது அந்தமாதிரிக் குண்டில்லை" என்றார் மாமா. "ஊரே இல்லாமப் போச்சு."

பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர், அம்மா துக்கத்தில் ஏதோ புலம்புகிறார் என்று நினைத்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அம்மா பங்கருக்குள் தண்ணீர் ஊறாமல் எப்படி வெட்டுவது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றுபோன கைமணிக்கூடு. "நிண்ட மணிக்கூட்டை வீட்டுக்குள்ளை வைக்கப்படாது. உவையள் கண்ணாடி போட்டெல்லோ வைச்சிருக்கினம்" என்றார். அடுத்தது ஒரு சோற்றுப்பெட்டி; மூடி நெளிந்து, உள்ளே சோறு கரியாக. பள்ளிக்கூடம் போன பிள்ளையுடையது. தாய் போய்த் தேடி எடுத்திருக்கிறாள் என்று வாசித்துச் சொன்னேன்.

"பாவம், ஒரு வாய் தின்னாமப் போட்டுது" என்றார் அம்மா.

"அந்தத் தாய்க்கு ஒரு பெட்டியாவது கிடைச்சிருக்கு" என்றார் மாமா.

அம்மா காதில் அது விழுந்ததோ தெரியாது. என் காதில் விழுந்தது. பிள்ளைகளின் காது குப்பைத்தொட்டி மாதிரி. எல்லாவற்றையும் போட்டுவைக்கும், ஒன்றையும் பிரித்துப் பார்க்காது. இப்போது இருந்து கிளறுகிறேன்.

கடைசியில் ஒரு பெரிய படம். கல்படி ஒன்று, அதில் ஒரு கரிய கறை. குண்டு விழுந்தபோது அங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தாராம்.

"ஆர் ஆள்?"

"தெரியாதாம் அம்மா."

"அப்ப இந்தக் கறைதான் ஆள் எண்டு ஆர் சொன்னது?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழும்பிப் போயிருக்கலாம்தானே" என்றார் அம்மா, படத்தை விட்டு நகர்ந்தபடி. "அவரின்ரை ஆக்கள் இன்னும் தேடுவினம்."

வெளியே சமாதானப் பூங்கா. பெரிய பெயர்; சிறிய இடம். ஹிரோஷிமாவிலிருந்து கொண்டுவந்த தணலில் ஏற்றிய தீ அங்கே எரிகிறது, நாகசாகியின் தண்ணீரையும் அங்கேயுள்ள சிறு குளத்தில் ஊற்றியிருக்கிறார்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அதைச் சொன்னேன். "அணையாத விளக்கோ?" என்று கேட்டுச் செருப்பைக் கழற்றினார். தூர நின்றே இரண்டு கையாலும் சூட்டை அள்ளிக் கண்ணில் ஒற்றி, எனக்கும் ஒற்றிவிட்டார். டீச்சர் ஓடிவந்து, கண் கலங்க எங்களைப் பார்த்தார். எனக்கு ஓடி ஒளிய வேண்டும்போல இருந்தது.

விளக்கு மேசையில் வயதான ஒரு ஜப்பானியப் பெண், வெயில் தொப்பியோடு. சரியான அவசரக்காரி. மரச்சட்டம், நாலு பக்கமும் வெள்ளைக் கடதாசி, நடுவில் ஒரு மெழுகுதிரி. வீட்டுக்கு ஒன்றுதான், கெதியாக எழுது, பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். தடித்த பேனாவை என் கையில் தந்து, பெயர் என்ன என்றாள். நான் அம்மாவிடம் திரும்பி, "பேர் கேக்கினம்" என்றேன்.

அம்மா முதுகை நிமிர்த்தி, ஐயரிடம் சொல்லும் அதே குரலில் அப்பாவின் முழுப் பெயரையும் சொன்னார். "அனுஷம். அதையும் எழுது பிள்ளை."

"பேர் மட்டும் போதுமாம்."

"நட்சத்திரம் இல்லாமல் ஆருக்கெண்டு போய்ச் சேரும்? எழுது."

எழுதினேன். தமிழில், குண்டு குண்டாக. அத்தனை விளக்குகளிலும் தமிழ் அந்த ஒன்றில்தான். "வடிவா எழுதியிருக்கிறாய்" என்றார் மாமா. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. மெழுகுதிரியை அவர்தான் கொளுத்தினார். சப்பாத்தைக் கழற்றி, வெறுங்காலோடு கரையில் குந்தி, விளக்கைத் தண்ணீரில் வைத்து, மூன்று தரம் தண்ணீரை மெல்லத் தள்ளினார். மண்டபத்துக்கு முன்னால், குளிர்காலத்தில் சனம் சறுக்கி விளையாடுகிற பெரிய குளம் அது. பொழுது சாய்ந்திருந்தது. விளக்குகள் ஒன்றையொன்று முட்டி முட்டி நடுவுக்குப் போயின. அம்மா கைகூப்பியபடி, "இவ்வளவு பேருக்கும் அருச்சனையோ!" என்று ஆச்சரியப்பட்டார்.

டீச்சர் என் பக்கத்தில் வந்து குனிந்தார். யாருடைய பெயர் எழுதினாய் கண்ணே என்று கேட்டார். அப்பாவுடையது என்றேன். வாயைப் பொத்திக்கொண்டார். என்னை இழுத்து அணைத்து, உன் அப்பா இறந்துபோனது எனக்குத் தெரியாதே என்றார்.

"இறக்கவில்லை" என்றேன் அவருடைய தோளுக்குள்.

என்னை விலக்கிப் பார்த்தார். பிறகு மிக மெதுவாக, உரிந்த மூக்கு என் மூக்கில் முட்டும் தூரத்தில் வைத்துச் சொன்னார்: இந்த விளக்குகள் இறந்தவர்களுக்கு. அவர்களை வழியனுப்ப. நான் உன் மாமாவிடம் சொன்னேனே?

எனக்கு அழுகை வரவில்லை. காது சூடாகியது. நான் அம்மாவிடம் போனேன்.

"அம்மா, உது செத்த ஆக்களுக்காம்."

"எது?"

"விளக்கு. எல்லாம் செத்த ஆக்களின்ரை பேராம். அனுப்பிவிடுறதாம்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரையும் பார்க்கவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தார். முகத்தைக்கூட அல்ல, வழித்துப்போட்ட அந்த மேலுதட்டை. செத்தவீட்டில் கிரியை செய்ய இருக்கிற ஆண்பிள்ளைதான் நம்மில் மீசை வழிப்பான். காலையில் சிரித்த சிரிப்பு முழுவதும் அந்த முகத்தில் திரும்பி வந்து வேறொன்றாக மாறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"தம்பி?" என்றார்.

மாமா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா குளத்துக்குள் இறங்கினார். மாம்பழ நிறச் சேலை முழங்கால்வரை நனைந்து ஊதிக்கொண்டு மிதந்தது. யாரோ கத்தினார்கள். ஒவ்வொரு விளக்காகத் தள்ளிக்கொண்டு போனார். இங்கிலீசும் ஜப்பானிய எழுத்தும் அவருக்கு ஒன்றுதான். தனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே விளக்கை நடுக்குளத்தில் கண்டுபிடித்தார். இரு கையாலும் தூக்கினார். விளக்கை வாயால் ஊதினால் குடும்பத்துக்கு ஆகாது என்று என் கையில் அடித்தவர், வாயால் ஊதினார். ஒரே ஊது.

அந்த மணம் கரைவரை வந்தது. வந்திருக்க முடியாதென்று எனக்கும் தெரியும். குளம் முழுக்க நூறு திரி எரிந்துகொண்டிருந்தது. ஆனால் வந்தது.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எதையாவது எடுத்து எறியலாம்போல இருக்கும். சிலர் கை தட்டினார்கள். அது எங்கள் நாட்டுச் சடங்கு என்று நினைத்திருக்கிறார்கள். கமரா வைத்திருந்த ஒருவன் என்னிடம் வந்து, இன்னொரு தடவை கொளுத்தி ஊத முடியுமா என்று உன் அம்மாவிடம் கேள், வெளிச்சம் சரியாக விழவில்லை என்றான். அதைத்தான் நான் முதன்முதலாக மொழிபெயர்க்க மறுத்தேன். டீச்சர் ஓரமாக நின்று அழுதார். தொப்பி போட்ட ஜப்பானியப் பெண் மட்டும் அழவுமில்லை, கை தட்டவுமில்லை. தண்ணீருக்குள் இறங்கக்கூடாது என்று அம்மாவை அதட்டினாள். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, நனைந்த விளக்கை உள்ளே வைத்து, கைபிடியை முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

ஸ்ட்ரீட்காரில் அம்மாவின் மடியில் அந்தப் பை. சேலையிலிருந்து நீர் சொட்டி, சரிந்த தரை வழியாகக் கதவுவரை ஓடியது.

"எனக்கு அவ சொன்னது வடிவா விளங்கேல்லை அக்கா" என்றார் மாமா.

எங்கள் கட்டடத்தில் அகதி விசாரணைக்குப் போகிற பாதிப் பேருக்கு மொழிபெயர்க்கப் போனவர் மாமா. அது எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

என்ன நினைத்துச் செய்தார்? அன்றைக்கு அவருக்கிருந்த வயதை நான் இப்போது தாண்டிவிட்டேன். கொஞ்சம் ஊகிக்க முடிகிறது. அந்த ஒல்லி ஆள் படிக்கட்டில் ஏதோ சொல்லியிருக்கிறார். அதை அக்காவிடம் சொல்ல மாமாவின் நாக்கு எழவில்லை. சொல்லாமலே அத்தானுக்கு ஒரு விளக்கு, ஒரு பெயர், கொஞ்சத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடலாம். அக்கா சந்தோசமாகவே நிற்கட்டும், காரியமும் நடக்கட்டும். எவ்வளவு முட்டாள்தனம். எவ்வளவு பாசம். இரண்டையும் ஒரே ஆள்மீது வைத்துக்கொண்டு கோபப்படுவது பெரிய வேலை, தெரியுமா?

அந்த விளக்கின் கடதாசி காய்ந்ததும் உதிர்ந்துபோனது. பேனா மை கரைந்து 'அனுஷம்' மட்டும் ஒரு பக்கத்தில் மிஞ்சியது. மரச்சட்டத்தை அம்மா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். ஸ்காபரோவுக்கு வீடு மாறியபோது அதுவும் தொலைந்தது, டோர்ச்சும் தொலைந்தது. அம்மா இப்போதும் குங்குமத்தோடுதான் இருக்கிறார். மாமா மிசிசாகாவில், காதில் கருவியோடு. போன வாரம், அந்தப் பிறந்தநாளுக்குப் பிறகு, ஃபோனில் கேட்டேன்.

"மாமா, அந்த ஆள் அண்டைக்குப் படியிலை என்ன சொன்னவர்?"

"எந்த ஆள்?"

"தேத்தண்ணி குடிக்காமப் போன ஆள்."

"உனக்கு நல்ல ஞாபகம் பிள்ளை" என்றார். "அம்மா சாப்பிட்டிட்டாவோ?"

கருவி சரியாக வேலை செய்யவில்லை என்றார். பிறகு வைத்துவிட்டார்.

அந்தக் கோடையின் கடைசியில்தான் அவர் எங்களை விட்டுப் போனார். விமான நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. மிசிசாகாவில் நாலு பொடியன்களோடு ஒரு நிலக்கீழ் வீடு. பூங்காவுக்குப் போய்வந்த நாளிலிருந்து அம்மா அவரோடு ஒரு சொல் பேசவில்லை. சாப்பாட்டை மேசையில் வைப்பார், போர்வையைத் தானே மடிப்பார், அவ்வளவுதான். போகிற அன்று ஏரிக்கரையில் விமானக் காட்சிக்கு ஒத்திகை. விமானங்கள் கட்டடத்துக்கு மேலால் கிழித்துக்கொண்டு போனபோதெல்லாம் கண்ணாடிகள் அதிர்ந்தன. நாங்கள் மூவரும் முகட்டைப் பார்ப்போம், சத்தம் போகும்வரை காத்திருப்போம், பிறகு பார்க்காததுபோல இருப்போம்.

மாமா ஒரு சூட்கேசோடு வாசலில் நின்றார். மேலுதட்டில் கரிக்கோடு மாதிரி மீசை திரும்ப முளைத்திருந்தது.

"அக்கா, அப்ப நான் போறன்" என்றார்.

அம்மா குசினியிலிருந்து வந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். என்னை உள்ளே போகச் சொல்லவில்லை.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். உனக்கு ஏதும் தெரியுமெண்டா, நிண்டு சொல்லிப்போட்டுப் போ. நான் பொட்டை அழிக்கிறன், உன்னிலை கோவிக்கமாட்டன்."

மேலே ஒரு விமானம் போனது. மூவரும் முகட்டைப் பார்த்தோம். கண்ணாடி அதிர்ந்து அடங்கும்வரை அம்மா காத்திருந்தார்.

"தெரியாதெண்டா, போறன் எண்டு சொல்லாதை. வாறன் எண்டு சொல்லு."

மாமா சூட்கேசை நிலத்தில் வைத்தார். வாய் திறந்தது. தொலைக்காட்சிக்கு மேலே ஒருமுறை பார்த்தார். என்னைப் பார்த்தார். சூட்கேசைத் திரும்பத் தூக்கினார்.

"வாறன், அக்கா."